மூன்றாவது சாவி

போன வாரம் குருவி வீட்டுப் பால்கனிக் கொடியில் ஒரு நீலச் சட்டையைக் காட்டிவிட்டு, அது யாருடையது என்று சொல்லாமல் நான் கம்பி நீட்டிவிட்டேனாம். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நம் சாவிக்காரரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டீர்கள். அவர் ஆறு நாளாகச் சாப்பாடு இறங்காமல் அந்தச் சட்டையையே மென்றுகொண்டிருக்கிறார்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாவிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத ஒரு கடை. பூட்டு, சாவி, இரண்டுக்கும் வைத்தியம். அவருடைய ஒரே தங்கை குருவி. சின்ன வயதில் ஒல்லியாக இருந்துகொண்டு ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசியதற்கு வைத்த பெயர், ஐம்பத்தோரு வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். கணவன் விட்டுப் போய் எட்டு வருடம். ஒரே மகள் கல்யாணமாகி நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் குருவி அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவாள். மூன்று ஞாயிறாக வரவில்லை. கேட்டால் வேலை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண்ணாடிக் கடையில் வேலை என்று சாவிக்காரரின் மனைவி கேட்டாள். அந்த அம்மாளுக்குக் குருவி வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. பெயர் சும்மா வரவில்லை என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நீலச் சட்டையை முதலில் பார்த்ததும் அவள்தான்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடை முன்னால் ஒரு உயரமான ஆள் வந்து நின்றார். வயது ஐம்பத்தைந்து சொல்லலாம். காதோரம் நரை, கையில் கனமான கருவிப் பை. உடம்பில் நீலச் சட்டை, சட்டைப் பைக்கு மேல் ஒரு லிஃப்ட் கம்பெனியின் முத்திரை.

சாவிக்காரர் கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார். ஊரில் நீலச் சட்டைக்கா பஞ்சம் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார். அந்த ஆள் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும் சார்."

சாவியின் தலையில் மூன்று புள்ளி.

குடும்பத்துக்காகச் செய்யும் சாவிகள் வாடிக்கையாளர் சாவிகளோடு கலந்துவிடக் கூடாது என்று சாவிக்காரர் சின்ன உளியால் மூன்று புள்ளி குத்தி வைப்பார். தன் வீட்டுக்கு, கடைக்கு, குருவி வீட்டுக்கு. உலகத்தில் மூன்று புள்ளிச் சாவி வேறு எங்கும் கிடையாது. தன் வீட்டுச் சாவியும் கடைச் சாவியும் தன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் மேஜை மேல் கிடப்பது எது என்று கண்டுபிடிக்க சி.ஐ.டி. வர வேண்டியதில்லை.

அந்தக் கதவுக்குப் பூட்டு போட்டுக் கொடுத்ததே அவர்தான். ஐந்து வருடம் முன்பு குருவி அந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு மாறியபோது, தனியாக இருக்கப் போகிறவள் என்று கடையிலேயே முரட்டுப் பூட்டாகப் பார்த்து மாட்டினார். இரும்புக் கதவு வேறு. இரண்டு சாவி கொடுத்தார். ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள், ஒன்றை மகளுக்கு அனுப்பினாள். மூன்றாவதாக ஒன்று செய்துகொள் அண்ணா என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் மரியாதை என்ன ஆவது? ஐந்து வருடமாகத் தங்கை வீட்டு வாசலில் பெல் அடித்துவிட்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் அது அவருக்குள் லேசாக முள்ளாகக் குத்தும்.

அந்த மூன்றாவது சாவியைச் செய்து வாங்கத்தான் இப்போது ஒரு நீலச் சட்டை வந்து நிற்கிறது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. யார் வந்தாலும் இரண்டு கேள்வி. இது யார் வீட்டுச் சாவி? அந்த வீட்டுக்கு நீங்கள் என்ன வேண்டும்? பதிலை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் இயந்திரம் ஓடும். ஒரு தடவை சொந்த மனைவி பீரோ சாவியைக் கொண்டுவந்தபோது பழக்க தோஷத்தில் அவளிடமே இரண்டையும் கேட்டுவிட்டார். அதை அவள் இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிரிப்பதா, முறைப்பதா, தங்கையைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவதா? சாவியை எடுத்து இயந்திரத்தின் ஒரு பக்கம் பொருத்தினார். வெற்றுச் சாவி ஒன்றை மறுபக்கம் இறுக்கினார். அந்த ஆள் போகாமல் மேஜையில் முழங்கையை ஊன்றி நின்றார். நோட்டைப் பார்த்தார்.

"இதுல ஏதாவது எழுதணுமா சார்?"

"வேண்டாம்."

"பேரு, விலாசம்..."

"வேண்டாம்னு சொன்னேனே."

அந்த ஆளின் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி தெரிந்தது. அதைச் சாவிக்காரர் பார்த்தார். மாட்டாமல் தப்பித்துவிட்ட சந்தோஷம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

இங்கே எட்டு வருடம் பின்னால் போக வேண்டும். நாலாவது அத்தியாயத்தில் வந்ததுதான். குருவியின் கணவனை வேறொரு பெண்ணோடு ரயில் நிலையத்தில் சாவிக்காரர் தன் கண்ணால் பார்த்தார். அடுத்தவர் குடும்ப விஷயம், நமக்கென்ன என்று வாயைக் கட்டிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அவன் பெட்டியோடு போனான். உனக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா என்று குருவி ஒரே ஒரு முறை கேட்டாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்னொரு தடவை அப்படி வாய் மூடி இருக்க மாட்டேன் என்று அன்றைக்கு மனதுக்குள் சபதம் போட்டவர் இவர்.

சபதம் என்னவோ சரிதான். ஆனால் வாயைத் திறந்தால்தானே?

இயந்திரம் ஓடியது. குருவி வீட்டுச் சாவிக்கு ஐந்து வெட்டு. முதல் இரண்டு வெட்டும் அச்சு மாறாமல் விழுந்தன. மூன்றாவதில் சாவிக்காரரின் கை பிடியை ஒரு மயிரிழை தூக்கியது. நான்கும் ஐந்தும் மறுபடி ஒழுங்காக விழுந்தன. ஆழமாக வெட்டிவிட்டால் சாவி செத்தது, இழந்த உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. குறைவாக வெட்டினால் அரத்தால் நாலு இழுப்பு இழுத்துச் சரி பண்ணிக்கொள்ளலாம். அதனால்தான் குறைத்தார். சாவி உள்ளே போகும், திரும்பாது. திறக்கவில்லை என்று ஆள் திரும்பி வருவான். அதற்குள் இரண்டு நாள் கிடைக்கும். லிஃப்ட் கம்பெனியில் விசாரிக்கலாம், ஆள் யார், எங்கிருந்து வந்தான், இதற்கு முன் எத்தனை வீட்டுச் சாவி வாங்கியிருக்கிறான் என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாம். யாரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டாம், யார் மனமும் கோண வேண்டாம். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே ஒரு பெருமை வந்தது.

அந்த ஆள் இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாவிக்காரர் வேறு பூட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டதால் நன்றி சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு சாவிக்காரர் மனைவிக்கு ஃபோன் போட்டார். அது ஒரு தப்பு. சாவியைக் குறைத்து வெட்டினதைச் சொல்லவில்லை, ஆள் வந்ததை மட்டும் சொன்னார்.

"முதல்ல சட்டை, இப்ப சாவி. அடுத்து என்ன, வீட்டுப் பத்திரமா? நீங்க பாட்டுக்கு வெட்டிக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க."

இரண்டு நாள் பொறு, நான் விசாரிக்கிறேன் என்றார். பொறுப்பது அந்த அம்மாளின் ஜாதகத்திலேயே கிடையாது. பதினொன்றரைக்கு அவளே கூப்பிட்டாள். குருவியின் மகளிடம் சொல்லிவிட்டாளாம். பெற்ற அம்மா வீட்டுச் சாவி எவனோ ஒருத்தன் கையில் இருப்பது பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டாள். பெண் பேருந்து ஏறிவிட்டாளாம்.

சாவிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். குருவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை ஃபோனை எடுத்தார். என்னவென்று ஆரம்பிப்பது? எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தார். மனம் மட்டும் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவனுக்கு எத்தனை கட்டடம், எத்தனை வீடு, எத்தனை தனியாக இருக்கும் பெண்கள் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. கணக்குப் போடப் போட ஆள் வில்லனாகிக்கொண்டே போனான்.

மூன்று மணிக்குக் கடை ஃபோன் அடித்தது.

"சார், காலைல ஒரு சாவி போட்டுக் குடுத்தீங்க. அது திரும்ப மாட்டேங்குது."

இவ்வளவு சீக்கிரமா என்று சாவிக்காரர் நினைத்தார். நாளைக்குக் கொண்டு வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"உள்ளே உங்க தங்கச்சி இருக்காங்க சார். அரை மணி நேரம் முன்னாடி தலை சுத்துதுன்னு ஃபோன் பண்ணாங்க. இப்ப கூப்பிட்டா பதில் இல்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். கதவை இடிச்சுப் பார்த்தேன், அசைய மாட்டேங்குது. நீங்க வாங்க."

உங்க தங்கச்சி என்கிறானே, இவனுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நிலைமையிலும் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். கடையைப் பூட்டக்கூட நினைவில்லாமல் ஒரு அரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பூட்டுக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

வழியில் இரண்டு சிக்னல். இரண்டிலும் சிவப்பு. அவருக்கு அழுகையாக வந்தது. மூன்று மாடியையும் ஏறி முடித்தபோது நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

லிஃப்ட்காரர் சட்டை நனைந்து நின்றார். தோள்பட்டையில் இரும்புக் கதவின் துரு அப்பியிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே சத்தமே இல்லை.

"சாவியைக் குடுங்க."

வாங்கினார். பூட்டுக்குள் விட்டுப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. நேராக மூன்றாவது வெட்டில் அரத்தை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு இழுப்பு. ஊதினார். உள்ளே விட்டுத் திருப்பினார். கதவு திறந்தது.

குருவி சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை. சாவிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். லிஃப்ட்காரர்தான் மண்டியிட்டு அவளைப் பக்கவாட்டில் சரியாகத் திருப்பிப் போட்டு, நாடி பார்த்து, தேடாமல் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தார். அதிலிருந்த சர்க்கரைக் கூழைக் கன்னத்தின் உள்பக்கம் விரலால் தடவினார். இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாதது இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதைச் சாவிக்காரர் கவனித்தார். கவனித்ததற்காகத் தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பேச்சே வேறு. இப்போது பயமில்லை, நினைவு வந்துவிடும்.

தங்கை ஊசி போட்டுக்கொள்கிறாள் என்பதே சாவிக்காரருக்கு அப்போதுதான் தெரியும்.

வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்ட்காரர் தானாகவே சொன்னார். ஒரு மாதத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாளாம். தனியாக இருக்கிறீர்கள், யாரிடமாவது ஒரு சாவி கொடுத்து வையுங்கள் என்று டாக்டர்தான் சொன்னாராம். காலையில் சாவி செய்து வாங்கி, மத்தியானம் அசலைக் கண்ணாடிக் கடையில் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் உடம்பு சரியில்லை என்று அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். புதுச் சாவியைக் கதவில் போட்டுப் பார்க்கவில்லையாம். பார்த்திருக்க வேண்டும், தன் தப்பு என்றார். உங்க தப்பு இல்லை என்று சொல்லச் சாவிக்காரருக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட்காரர் கேட்டார்.

"மூணாவது வெட்டுதான்னு எப்படி சார் தெரிஞ்சுது? நீங்க சாவியைப் பார்க்கவே இல்லையே."

"அனுபவம்."

"ம்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "நானும் முப்பது வருஷமா மெக்கானிக்தான் சார்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.  தெரிந்துகொண்டும் இந்த ஆள் ஏன் சும்மா இருக்கிறான்? எதற்காக இதைக் கையில் வைத்துக்கொள்கிறான்?

ஐந்து மணிக்குக் குருவி கண் விழித்தாள். நர்ஸ் இரண்டு பேரையும் உள்ளே விட்டாள். குருவி முதலில் லிஃப்ட்காரரைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். இருவரும் ஒரே அறையில் நிற்பதைப் பார்த்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எப்படி உள்ளே வந்தீர்கள், சாவி திறந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். பூட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார்.

"என் கை நடுங்கிப்போச்சு. சரியாத் திருப்பத் தெரியல. அப்புறம் உங்க அண்ணன் வந்து திறந்தார்."

பொய். பச்சைப் பொய். சாவிக்காரரின் தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே வேறொரு மூட்டை ஏறி உட்கார்ந்தது. எனக்காக இவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? என்னை எதற்காகக் கடன்காரனாக்குகிறான்?

குருவி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் சில்லென்றிருந்தது.

"நான்தான் இவரை உன் கடைக்கு அனுப்பினேன், அண்ணா. மூணு புள்ளி பார்த்தா உனக்குத் தெரிஞ்சுடும்னு தெரியும். நீ கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுங்கன்னு சொன்னேன். எனக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் வரல."

சாவிக்காரர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"நீ எதுவுமே கேக்காம வெட்டிக் குடுத்தியாமே. நோட்டுல எழுத வேண்டாம்னு கூடச் சொன்னியாமே. இவர் மத்தியானம் வந்து சொன்னப்ப எனக்கு அழுகையா வந்துடுச்சு. அண்ணன் என் இஷ்டத்துக்கு விட்டுட்டான்னு. அந்த சந்தோஷத்துல டப்பாவைத் திறந்தவ சாப்பிடவே இல்ல."

சாவிக்காரர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்த அந்த மலர்ச்சி என்னவென்று சாவிக்காரருக்கு இப்போது புரிந்தது. இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். தங்கை நன்றி சொல்கிறாள், சாட்சியே தனக்குச் சாதகமாகப் பொய் சொல்லிவிட்டது, கேட்பதற்கு நாதியில்லை. மனிதருக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் அவள் கையை விடவில்லை. விட்டிருந்தால் ஒருவேளை சமாளித்திருப்பார்.

"சாவி திறக்கல, குருவி. இவர் மேல தப்பில்ல. நான்தான் திறக்காத மாதிரி வெட்டினேன். வேணும்னே."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"யாருன்னு விசாரிக்க ரெண்டு நாள் கிடைக்கும்னு நினைச்சேன். உனக்கு இப்படி உடம்பு சரியில்லைன்னு எனக்குத் தெரியாது."

குருவி கையை விடுவித்துக்கொண்டாள். வேகமாக இல்லை, மெதுவாகத்தான். போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் கூரையைப் பார்த்தாள். சாவிக்காரர் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டினால் தாங்கிக்கொள்வார், பழக்கம்தான்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல பார்த்துட்டு வந்து சும்மா இருந்தே. இன்னைக்கு இவரைப் பார்த்துட்டு சாவியைக் கெடுத்தே. ரெண்டு தடவையும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். அதனால என்ன? போட்டுட்டு ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்திருப்பேன்."

"தப்புதான்மா."

"எனக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு நீ சொல்லலாம் அண்ணா. சொல்ல உனக்கு உரிமை இருக்கு. கதவைப் பூட்டறதுக்கு இல்ல."

லிஃப்ட்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள். 

கதவு படாரென்று திறந்தது. குருவியின் மகள். எதிர் வீட்டு அம்மாள் சொல்லி நேராக இங்கே வந்திருக்கிறாள். தோளில் பேருந்துப் பயணத்துப் பை, முகத்தில் நான்கு மணி நேரமாகச் சேர்த்து வைத்த கோபம். அம்மாவைப் படுக்கையில் பார்த்ததும் அந்தக் கோபம் பயமாகி, நீலச் சட்டையைப் பார்த்ததும் மறுபடி கோபமானது. அத்தை சொன்ன ஆள் இவர்தானா, இவரால்தான் அம்மா இங்கே படுத்திருக்கிறாளா என்று மாமாவைப் பார்த்துக் கேட்டாள். தன் பக்கத்து ஆள் என்று அவரைத்தான் அவள் நம்பி வந்திருக்கிறாள்.

"இவர் இல்லைன்னா உங்கம்மா இல்ல," என்றார் சாவிக்காரர். "இன்னைக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம். என்னன்னு அப்புறம் சொல்றேன். இவர்கிட்ட கோபப்படாதே."

"அப்ப இவர் யாரு மாமா?"

தெரியாது என்று சொல்ல எவ்வளவு வெட்கமாக இருந்தது அவருக்கு. சொல்லவில்லை. குருவி மகளைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள், நான் சொல்கிறேன் என்றாள். லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. மகள் அதில் உட்காரவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சாவிக்காரர் நடுவில் நின்றார். ஐம்பது வருடமாகத் தங்கை விஷயத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்காததை அப்போது கேட்டார்.

"நான் உள்ளே இருக்கட்டுமா குருவி, வெளியே இருக்கட்டுமா?"

குருவி மகளை ஒரு தடவை பார்த்தாள். இரு என்று சொல்லிவிடுவாள் என்று தான் நினைப்பதை அவரே உணர்ந்தார்.

"வெளியே இரு, அண்ணா. கூப்பிடறேன்."

தலையாட்டிவிட்டு வந்தார். லிஃப்ட்காரர் உள்ளேயே இருந்தார். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

வராந்தாவில் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே யாரென்று தெரியும். சி.ஐ.டி.க்கு இன்றைக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

உள்ளே குருவியின் குரல் தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பிறகு அது நின்றது.  அப்புறம் மகளின் குரல் மட்டும், கதவையும் தாண்டி, தெளிவாக வந்தது.

"இது மாமாவுக்குத் தெரியுமா?"

சாவிக்காரர் எழுந்துவிட்டார். எழுந்தது தெரியாமலே எழுந்து, நான்கு எட்டில் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கை பிடியில் இருந்தது. சாதாரண ஆஸ்பத்திரிக் கதவு, பூட்டுகூடக் கிடையாது, தள்ளினால் திறந்துகொள்ளும். இன்னும் ஒரு அரை எட்டு வைத்தால் காதில் விழும்.

கையை எடுத்தார். திரும்பி நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.